ஊர்க் குழுக்களை ஒன்று சேர்ப்பது எப்படி? கண்மாயிலிருந்து தொடங்கிய இழை

கேள்வி | 2 ஜூன் 2024

சிவகங்கை மாவட்டத்தில் சின்ன ஊர் எங்களுடையது. விவசாயிகள் சங்கம் இருக்கிறது. மகளிர் குழு தெருவுக்கு ஒன்று. இளைஞர் மன்றம் இரண்டு, ஒன்றுக்கொன்று ஆகாது. கோயில் கமிட்டி தனி. சிங்கப்பூர், துபாயில் இருப்பவர்களின் வாட்ஸ்அப் குழு வேறு. ஆளுக்கொரு பக்கம் ஏதோ செய்கிறார்கள், கண்மாயோ சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. எல்லோரையும் ஒன்றாக உட்கார வைத்து, கண்மாயைச் சரிசெய்து, ஊர் தன் காலில் நிற்கும்படி செய்ய ஆசை. முதலில் பெரிய பொதுக்கூட்டம் ஒன்று போடலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

3 ஜூன் 2024, காலை

பொதுக்கூட்டம் வேண்டாம். முதலில் வேண்டவே வேண்டாம்.

நானும் அதே மாவட்டம்தான். கூட்டுறவுக் கடன் சங்கத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவள். ஒற்றுமைக்காகப் போட்ட கூட்டங்கள் நிறையப் பார்த்தாயிற்று. மைக்செட், சாமியானா, டீ, வடை. மேடையில் யாருக்கு நாற்காலி என்பதிலேயே பாதி ஊர் முறைத்துக்கொண்டு போய்விடும். மீதி ஊர் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போகும்.

உங்களுக்கு ஒரு கேள்வி, தம்பி. உங்கள் கண்மாயின் மீன்பாசி ஏலம், அதாவது மீன் பிடிக்கும் உரிமைக்கான ஏலம், கடைசியாக எவ்வளவுக்குப் போனது? அந்தப் பணம் எங்கே போனது? விசாரித்துவிட்டு வாருங்கள்.

3 ஜூன் 2024, இரவு

ஒற்றுமையைப் பற்றிக் கேட்டால் மீனைப் பற்றிப் பேசுகிறீர்களே என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். கணக்கு எழுதியவளின் புத்தி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கண்மாய் என்றால் தண்ணீர் மட்டும் இல்லை. மீன் இருக்கிறது. வயலுக்கு உரமாகும் கரம்பை மண் இருக்கிறது. கரையில் பனையும் புளியும் நிற்கும். தண்ணீர் தேங்கும் உள்வாயில் சீமைக்கருவேலம், அது விறகாகவும் கரியாகவும் காசாகும். கோடையில் ஆடு மாட்டுக்குப் புல். இவை ஒவ்வொன்றிலும் ஊரில் யாரோ ஒருவருக்குப் பாத்தியதை இருக்கும், எழுதாமலே. எங்கள் பக்கத்தில் பல ஊரில் மீன் பணம் கோயில் திருவிழாவுக்குப் போகும். அந்தக் கமிட்டிக்காரர்களை நீங்கள் 'வாருங்கள், கண்மாயைப் பொதுவில் பார்த்துக்கொள்வோம்' என்று கூப்பிட்டால் அவர்கள் காதில் என்ன விழும்? 'உங்கள் மண்டகப்படிக் காசைப் பிடுங்கப் போகிறோம்' என்றுதான் விழும். அப்புறம் கூட்டத்தன்று ஊரில் ஒரு துக்கம், ஒரு காதுகுத்து, ஏதாவது ஒன்று வந்துவிடும்.

யாருக்கு எதில் பங்கு என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஆட்களிடம் தனித்தனியாகப் பேசி எழுதுங்கள். திண்ணையில், டீக்கடையில், ரேஷன் கடை வரிசையில். கூட்டம் அப்புறம்.

9 ஜூன் 2024

ஒரு விஷயம் விட்டுப்போனது. அது யூனியன் கண்மாயா, பி.டபிள்யூ.டி. கண்மாயா? 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு (கண்மாய்த் தண்ணீர் பாயும் நிலம்) இருந்தால் பொதுப்பணித்துறை (இப்போது நீர்வளத்துறை), அதற்குக் குறைந்தால் ஊராட்சி ஒன்றியம். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரி, கண்மாய்கள் இருக்கின்றன என்றால் அதில் பெரும்பாலானவை இரண்டாவது வகைதான். யாரிடம் மனுக் கொடுப்பது, யார் ஏலம் விடுவது, மண் எடுத்தால் யார் கேட்பார்கள், எல்லாமே இதைப் பொறுத்தது. ஆக்கிரமிப்பை அகற்ற 2007இல் வந்த தனிச் சட்டமும் பொதுப்பணித்துறை ஏரிகளுக்கானது. தப்பான அலுவலகத்தில் மனுக் கொடுத்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்த ஊர் ஒன்று எனக்குத் தெரியும். பெயர் சொன்னால் எங்கள் வீட்டில் சோறு கிடைக்காது.

16 ஜூன் 2024

திருச்சிப் பக்கத்து அண்ணன் ஒருவர் உருக்கமாக எழுதியிருக்கிறார்: அந்தக் காலத்தில் குடிமராமத்து என்றால் ஊரே மண்வெட்டியோடு கிளம்பும், சாதி சமயம் பார்க்காமல் எல்லோரும் ஒன்றாக நின்றார்கள், அதை மீட்டால் போதும் என்று.

அண்ணே, எல்லோரும் நின்றார்கள், சரி. யார் கரைமேல் நின்றார்கள், யார் கூடை சுமந்தார்கள்? எங்கள் அப்பத்தா சொல்லிக் கேட்டிருக்கிறேன், நிலத்துக்காரர் குடையோடு நிற்பார், மண் சுமந்தது காலனித் தெருச் சனம். அந்தத் தெருவுக்கு ஆயக்கட்டில் ஒரு செய் நிலம்கூட இல்லை. 1858இல், கம்பெனி ஆட்சியின் கடைசி வருடத்தில், சென்னை மாகாணத்துக்குக் கட்டாய உழைப்புச் சட்டம் என்றே ஒன்று போட்டார்கள். கரை உடையப் போகிறது என்றால் உடலுழைப்புச் செய்யும் மக்கள் வந்தே தீர வேண்டும், வராவிட்டால் தண்டனை. வழக்கம் தானாகவே அவ்வளவு இனிமையாக நடந்திருந்தால் சட்டம் எதற்கு?

2017இல் அரசு அதே பெயரில் திட்டம் கொண்டுவந்தபோது செலவில் 10 சதவீதம் பாசனதாரர் பங்கு என்று வைத்தார்கள். பணமாகத் தரலாம், உழைப்பாகவும் தரலாம். நல்ல யோசனைதான். ஆனால் எங்கள் பக்கத்து ஊர் ஒன்றில் அந்தப் பங்கை வேலை எடுத்தவரே போட்டுவிட்டார். ஊருக்குச் செலவு மிச்சம். வேலை எப்படி நடந்தது என்று கேட்கும் வாயும் அத்தோடு மிச்சம்.

பழைய முறையில் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. நீர்பாய்ச்சி. மடை திறப்பது, அடைப்பது, கடைசி வயல் வரை தண்ணீர் போனதா என்று ராத்திரியில் டார்ச்சோடு நடப்பது, எல்லாம் அவர் பொறுப்பு. அறுவடையில் களத்திலேயே நெல் அளந்து அவருக்குப் பங்கு போடுவார்கள். எங்கள் ஊரில் அது நின்றதற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை, அறுவடை மிஷின் வந்ததுதான். களம் இல்லை, குவியல் இல்லை, நெல் வயலிலிருந்து நேராக டிராக்டரில் ஏறிப் போகிறது. பங்கு கேட்டு அவர் எந்த இடத்தில் போய் நிற்பார்? இரண்டு போகம் பார்த்தார். அப்புறம் திருப்பூர் போய்விட்டார்.

17 ஜூன் 2024

இல்லை அண்ணே, உங்கள் மனதைப் புண்படுத்தவில்லை. அப்பத்தாவை வேண்டுமானால் கோபித்துக்கொள்ளுங்கள், அவர் இப்போது எதற்கும் கவலைப்படும் நிலையில் இல்லை.

14 ஜூலை 2024

கேள்வி கேட்ட தம்பி தாளோடு வந்துவிட்டார். மீன் பணம் நான் சொன்ன இடத்துக்குத்தான் போயிருக்கிறது. கரம்பை வேண்டும் என்று இப்போது ஊரே கேட்கிறதாம். வண்டல், களிமண் எடுக்க வட்டாட்சியரிடமே அனுமதி வாங்கலாம், விவசாயிகளுக்கும் மண்பாண்டத் தொழிலாளர்களுக்கும் இலவசம் என்று அரசு அறிவித்ததிலிருந்து டிராக்டர் வைத்திருப்பவர்கள் பரபரப்பாக இருக்கிறார்கள் என்கிறார்.

நல்ல வாய்ப்பு, கவனமாகக் கையாளாவிட்டால் பெரிய சண்டை. இதில் கொஞ்சம் நேரம் எடுத்துச் சொல்கிறேன்.

மண்ணை யார் எடுப்பது என்பதைவிட எங்கே எடுப்பது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். கரையின் உள்சரிவை ஒட்டித் தோண்ட விடாதீர்கள், மழையில் கரை வழுக்கி இறங்கும். மடையின் அடிமட்டம் எது என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே எவ்வளவு ஆழம் தோண்டினாலும் அங்கே நிற்கும் தண்ணீர் மடை வழியாக வயலுக்குப் போகாது. 'ஜேசிபி விட்டு பத்தடி ஆழப்படுத்தினோம்' என்று படம் போடுகிறார்களே, அந்தத் தண்ணீரை மோட்டார் வைத்திருப்பவர்தான் எடுப்பார். ஆடு மாடு குடிக்க, மீன் பிழைத்துக் கிடக்க ஒரு மூலையில் பள்ளம் வேண்டும், அது வேறு. அடியில் இருக்கிற களி அடுக்கைக் கிழித்துவிட்டாலும் தண்ணீர் நிற்காது, சுவறிப் போகும். கிணறு வைத்திருப்பவருக்கு அது சந்தோஷம். கண்மாயை நம்பி நடுபவருக்கு இல்லை. எடுத்த மண்ணைப் பள்ளத்துக்குப் பக்கத்திலேயே குவித்துவிட்டுப் போகாதீர்கள், முதல் மழையில் திரும்ப உள்ளே இறங்கிவிடும்.

அடுத்தது பங்கீடு. அனுமதி இலவசம், டிராக்டர் வாடகை இலவசமில்லை. அரை ஏக்கர் வைத்திருப்பவர் என்ன செய்வார்? எங்கள் ஊரில் ஒரு கோடையில் மகளிர் குழு ஒன்று இதை எடுத்து நடத்தியது. ஏக்கருக்கு இத்தனை நடை என்று கணக்கு வைத்து, டிராக்டர்க்காரர் தனக்கு எடுக்கும் ஒவ்வொரு நாலு நடைக்கும் ஒரு நடை சிறு விவசாயிக்கு டீசல் காசுக்கு அடிக்க வேண்டும் என்று பேசினார்கள். கரைமேல் வேப்ப மரத்தடியில் நோட்டும் பேனாவுமாக இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். டிராக்டர்க்காரர்களுக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் செய்தார்கள். ஏனென்றால் அந்த இரண்டு பெண்களில் ஒருவர் குழுக் கடன் கணக்கும் பார்ப்பவர். டிராக்டர்க்காரர் வீட்டுக்காரம்மா அந்தக் குழுவில்தான் இருந்தார்.

18 ஆகஸ்ட் 2024

சுதந்திர தினக் கிராம சபையில் கண்மாயைப் பற்றித் தீர்மானம் போட்டார்களாம். சந்தோஷம். ஒரே ஒரு கேள்வி: தீர்மானத்தை நோட்டில் எழுதின பிறகு கையெழுத்துப் போட்டீர்களா, அதற்கு முன்பா? வெற்றுத் தாளில் வரிசையாகக் கையெழுத்து வாங்கி, தீர்மானத்தைச் சாயங்காலம் எழுதிக்கொள்ளும் பழக்கம் பல இடங்களில் உண்டு. அக்டோபர் 2 வருகிறது. நகல் கேளுங்கள்.

22 செப்டம்பர் 2024

ராமநாதபுரத்திலிருந்து ஒரு தம்பி எழுதியதை இரண்டு மூன்று முறை படித்தேன். சுருக்கம் இது: 'எங்கள் குடும்பத்துக்கு நிலம் இல்லை. கரிமூட்டம் போடுகிறோம். நீங்கள் எல்லோரும் சீமைக்கருவேலத்தை ஒழிக்கப் பேசுகிறீர்கள். கண்மாயில் தண்ணீர் வந்தால் நெல் யாருக்கு? எங்களுக்கு அதே கண்மாயில் இப்போது விறகாவது கிடைக்கிறது.'

2017இல் மதுரை உயர் நீதிமன்றக் கிளை சீமைக்கருவேலத்தை அகற்ற உத்தரவிட்டபோது நானும் கைதட்டியவள்தான். அந்த மரம் ஊரைக் கெடுத்தது என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனால் நான் ஜூனில் சொன்ன தாளில், யாருக்கு எதில் பங்கு என்று எழுதச் சொன்னேனே, அதில் கரி போடுகிறவர் வருகிறாரா? மரத்தை மொத்தமாக ஏலம் எடுக்கும் ஏலதாரர் வருவார். அவரிடம் கூலிக்கு வெட்டுகிறவர் வரமாட்டார். ஆடு மேய்ப்பவர்? வயலில் ஆட்டுக் கிடை போடுகிறவர்?

பாசன சங்கங்களுக்கான 2000ஆம் ஆண்டுச் சட்டமும் நிலம் வைத்திருப்பவரை வைத்துத்தான் ஓட்டுரிமை பேசுகிறது. பட்டா புருஷன் பெயரில் இருந்தால், தினமும் வயலில் நிற்கிற பெண்ணுக்கும் அங்கே ஓட்டு இல்லை. ஆகவே பாசன சங்கத்தையே ஊருக்கான மேடையாக வைத்துக்கொள்ளுங்கள் என்று இங்கே சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. தண்ணீர் முறையை அவர்கள் பேசட்டும். மீன், மரம், மண், இவற்றின் காசைப் பேசும் இடத்தில் நிலமில்லாதவர் உட்கார வேண்டும். தனியாகப் 'பார்வையாளராக' இல்லை, பங்காளியாக.

நடைமுறையில் ஒரு வழி: மரத்தை மொத்தமாக ஏலம் விடாமல் பகுதி பகுதியாகப் பிரித்து, வேரோடு எடுத்துத் தருவதாக ஒப்புக்கொள்ளும் உள்ளூர்க் கரிக்காரர்களுக்கே கொடுப்பது. ஏலதாரர் தரையோடு வெட்டிவிட்டுப் போவார், அடுத்த மழைக்கு ஒன்று நான்காகத் துளிர்க்கும். வேர்க்கட்டைக்குக் கரியில் நல்ல கனம் உண்டு என்று அந்தத் தம்பியே சொல்கிறார்.

29 செப்டம்பர் 2024

'பொதுச் சொத்து என்றாலே எல்லோரும் சுரண்டி அழித்துவிடுவார்கள், இது பொருளாதார விதி' என்று ஒருவர் ஒற்றை வரியில் முடித்துவிட்டார். 1968இல் அமெரிக்க உயிரியலாளர் காரெட் ஹார்டின் அப்படித்தான் எழுதினார். எலினோர் ஆஸ்ட்ரோம் என்ற அமெரிக்க அறிஞர் ஊர் ஊராக நடந்த ஏற்பாடுகளைப் பார்த்து, அப்படி ஒன்றும் விதி இல்லை என்று காட்டி 2009இல் பொருளாதார நோபல் வாங்கினார். அந்தப் பரிசு பெற்ற முதல் பெண் அவர்தான். ஸ்பெயினில் வாலென்சியாவில் வாய்க்கால் விவசாயிகளின் நீர் நீதிமன்றம் ஒன்று வியாழன்தோறும் மதியம் கதீட்ரல் வாசலில் கூடுகிறது. நீதிபதிகளும் விவசாயிகளே. வக்கீல் இல்லை, எல்லாம் வாய்மொழி. நம் ஊர் ஆலமரத்தடியில் உட்கார்ந்தால் பத்தாம்பசலி, கதீட்ரல் வாசலில் உட்கார்ந்தால் யுனெஸ்கோ பட்டியல்.

ஆஸ்ட்ரோம் சொன்னதில் எனக்குப் பிடித்தது தண்டம் பற்றியது. முதல் தப்புக்குச் சின்னத் தண்டம், திரும்பத் திரும்பச் செய்தால் ஏறும். நம் ஆட்கள் முதல் தப்புக்கே ஊரை விட்டுத் தள்ளி வைப்பார்கள். இல்லாவிட்டால் மாமன் மச்சான் என்று விட்டுவிடுவார்கள்.

13 அக்டோபர் 2024

கோயம்புத்தூர்க்காரர், ஓடந்துறை மாதிரி காற்றாலை போடுங்கள் என்கிறார். போடலாம். ஓடந்துறை ஊராட்சி 2006இல் 350 கிலோவாட் காற்றாலையை 1.55 கோடி ரூபாய்க்குப் போட்டது. அதில் 40 லட்சம் ஊராட்சியின் சொந்தச் சேமிப்பு, மிச்சம் வங்கிக் கடன். நீங்கள் காற்றாலையைப் பார்க்கிறீர்கள், நான் அந்த 40 லட்சத்தைப் பார்க்கிறேன். ஓர் ஊராட்சி அவ்வளவு சேர்த்து, அதைக் காட்டி வங்கியிடம் கடன் வாங்கியிருக்கிறது என்றால் அதற்கு முன்பே எத்தனையோ வருடம் கணக்கு ஒழுங்காக இருந்திருக்க வேண்டும்.

தஞ்சாவூர் மாவட்டத்துப் பேராவூரணியைச் சொன்ன தம்பிக்கு: ஆமாம், பெரிய காரியம். 2018 நவம்பரில் கஜா புயல் தென்னையெல்லாம் சாய்த்த பிறகு, அடுத்த வருடமே கடைமடை இளைஞர்களும் விவசாயிகளும் சேர்ந்து 500 ஏக்கருக்கு மேற்பட்ட பெரியகுளத்தில் இறங்கினார்கள். அரசுப் பணத்துக்குக் காத்திருக்காமல் ஊர்க்காசில் தொடங்கினார்கள். உங்கள் ஊரில் புயல் அடிக்கவில்லையே, ஆகவே அந்த வேகத்தை எதிர்பார்த்து மனம் சோர வேண்டாம்.

15 டிசம்பர் 2024

மழை. கண்மாய் நிறைந்துவிட்டது என்று தம்பி படம் போட்டிருக்கிறார். கூடவே ஒரு பிரச்சினை: மேல்கண்மாய்க்காரர்கள், நிறைந்த தண்ணீர் வழியும் கலுங்கில் மணல் மூட்டை அடுக்கி, வழிந்து வரும் மறுகாலைத் தடுத்துவிட்டார்களாம். போன வாரம் வரை ஒருவரோடொருவர் பேசாத இரண்டு இளைஞர் மன்றமும் ஒரே வேனில் ஏறி மேல் ஊருக்குச் சண்டைக்குப் போயிருக்கிறது. ஒற்றுமை வேண்டும் என்று கேட்டீர்களே, வந்துவிட்டது!

சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். நம் பக்கத்துக் கண்மாய்கள் சங்கிலியாக இருப்பவை. மேல் ஊர் மறுகால் கீழ் ஊருக்கு வரத்து. உங்கள் ஊர்க் குழுக்களை மட்டும் சேர்த்து ஒரு பிரயோஜனமும் இல்லை, மேலே ஒருவன் மூட்டை வைத்தால் கதை முடிந்தது. நீங்கள் மூட்டை வைத்தால் உங்களுக்குக் கீழே உள்ளவனுக்கு முடிந்தது. இதுவரை இந்த இழையில் நான் உட்பட யாரும் மேல் ஊரையும் கீழ் ஊரையும் பேசவே இல்லை பாருங்கள்.

எங்கள் ஊரில் இதற்கு ஒரு ஏற்பாடு உண்டு. தண்ணீர் இல்லாத ஆவணியில் இரண்டு ஊர்ப் பெரியவர்களும் கலுங்குக்குப் போய், எந்த மட்டம் வரை தேக்கலாம் என்று கல்லில் சிவப்புப் பெயிண்டில் கோடு போடுவார்கள். தண்ணீர் வந்த பிறகு பேசினால் மண்டைதான் உடையும். இந்த வருடம் உங்களுக்கு நேரம் கடந்துவிட்டது. கிராம நிர்வாக அலுவலரை வைத்து மூட்டையை எடுக்கச் சொல்லுங்கள். அரிவாளை வேனிலேயே வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

19 ஜனவரி 2025

2019இல் தேர்தல் நடந்த மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் ஜனவரி 5ஓடு முடிந்துவிட்டது. இனி தனி அலுவலர். தலைவரை நம்பிப் பேசி வைத்த ஏற்பாடெல்லாம் என்ன ஆகும் என்று தம்பி பதறுகிறார். போதாததற்கு நூறு நாள் வேலைக் கூலி நவம்பர் கடைசியிலிருந்து வரவில்லை. ஒரு நாளைக்கு 319 ரூபாய், அதுவும் பாக்கி. கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலை அந்த வேலையில் வெட்டலாம் என்றுதான் திட்டம் வைத்திருந்தார்கள். கூலி வராமல் யார் வருவார்? 'பொதுநலத்துக்காக வரக்கூடாதா' என்று துபாய்க் குழுவில் ஒருவர் கேட்டாராம். அவரை ஒரு நாள் மண்வெட்டியோடு வரச் சொல்லுங்கள்.

தனி அலுவலர் காலத்திலும் கிராம சபை கூடும். தீர்மான நகல் வாங்கச் சொன்னேனே, வாங்கினீர்களா?

23 பிப்ரவரி 2025

வாங்கியிருக்கிறார். நகலைக் காட்டித்தான் ஒன்றிய அலுவலகத்தில் பேசியிருக்கிறார்கள்.

மற்ற சேதிகள்: மீன் பணத்தில் பாதி கோயிலுக்கே. மீதியில் மடை ஷட்டர் ரிப்பேர், அப்புறம் நீர்பாய்ச்சிக்கு மாதச் சம்பளம். நெல்லாக இல்லை, பணமாக, வங்கிக் கணக்கில். கணக்கு மகளிர் குழுக் கூட்டமைப்பின் கையில். கரி போடுகிறவர்களுக்கு உள்வாயின் தென்பகுதி மட்டும் கிடைத்திருக்கிறது, வடபகுதியைப் பழைய ஏலதாரரே எடுத்துவிட்டார். அது சரியில்லை, சொல்லிவிட்டேன். இளைஞர் மன்றம் இரண்டில் ஒன்று மறுபடி ஒதுங்கிவிட்டது, பேனரில் யார் படம் பெரிது என்ற தகராறாம். மீன்பிடித் திருவிழாவன்று ஊத்தாவோடு (மீன் பிடிக்கும் கூடை) வருவார்கள், அப்போது பேசிக்கொள்ளலாம்.

பெரிய பொதுக்கூட்டம் இன்னும் போடவில்லையாம். இப்போது போடலாமா என்று கேட்கிறார். எதற்கு?

24 பிப்ரவரி 2025

ரசீதுப் புத்தகம் பற்றிக் கேட்டவருக்கு: கார்பன் வைத்து எழுதும் புத்தகமே போதும், ஆனால் எண் அச்சடித்தது வேண்டும். கடையில் வாங்கும் எண் போடாத புத்தகம் வேண்டாம். ஒரு தாளைக் கிழித்தால் யாருக்கும் தெரியாது. காரைக்குடியிலோ மதுரையிலோ எந்த அச்சகத்திலும் அடித்துத் தருவார்கள். ஊத்தாவுக்கு வசூலிக்கும் காசுக்கு அன்றைக்குக் கரையிலேயே ரசீது கிழியுங்கள். சின்னப் பையன்களுக்கும் சேர்த்து.